ஹெட் கேஸ்கட் பழுது

ஹெட் கேஸ்கட் என்பது உள்ளெரி எஞ்சின்களில் சிலிண்டர் பிளாக்குக்கும், அதன் மேல் மூடி போல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே வைக்கப்படும் மெல்லிய அடைப்புத் தகடு ஆகும். இத்தகடு எரிந்தோ கிழிந்தோ அழுத்தம் தாங்காமலோ கசியத் தொடங்கும் நிலையே ஹெட் கேஸ்கட் பழுது எனப்படுகிறது. பட்டறைகளில் இதனைக் "கேஸ்கட் போய்விட்டது" என்பர். பழைய கார்களில் எஞ்சினைத் திறந்து செய்யவேண்டிய பெரும் பழுதுகளுள் இது அடிக்கடி காணப்படுவதாகும்.

தகட்டின் விலை குறைவு. அதனை மாற்றுவதற்கான உழைப்பே மிகுதி. ஆனால் பழுதைக் கவனியாமல் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் ஹெட் வளைதல், பிளாக்கில் விரிசல், தாங்கிகள் அழிதல் என்று எஞ்சினே பயனற்றுப் போகக்கூடும். மற்றொருபுறம், கேஸ்கட் நன்றாக இருக்கும்போதே அதனைக் குற்றம் சாட்டி எஞ்சினைத் திறந்து, உண்மையான கோளாறைக் கண்டறியாமல் மூடிவிடுவதும் நிகழ்கிறது. எனவே இப்பழுதில் கழற்றி மாட்டுவதைவிடக் கண்டறிதலே முதன்மையானதாகக் கருதப்படுகிறது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் இந்துஸ்தான் அம்பாசடர் காரின் 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சின் கொள்ளப்பட்டுள்ளது. பிரித்தானிய மோட்டார் கார்ப்பரேசனின் பி வரிசை எஞ்சினான இது நான்கு சிலிண்டர் கொண்டது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பால் ஆனவை. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது.

அமைப்பும் பணியும்

ஹெட் கேஸ்கட் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களைப் பிரித்து வைக்கிறது. அவை சிலிண்டருக்குள் எரியும் வளிமம், எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர், உராய்வைக் குறைக்கும் எஞ்சின் எண்ணெய் என்பனவாகும். இம்மூன்றுக்குமான துளைகள் ஒரே தகட்டில், சில இடங்களில் ஒரு விரற்கடைக்கும் குறைவான இடைவெளியில் அமைந்துள்ளன.

தகடு தாங்கும் சுமையை ஒரு கணக்கால் உணரலாம். அம்பாசடர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73 மி.மீ. அதன் பரப்பு ஏறத்தாழ 42 சதுர செ.மீ. பெட்ரோல் எரியும் கணத்தில் உச்ச அழுத்தம் 50 பார் எனக் கொண்டால், ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஒரு சிலிண்டரில் மட்டும் 2 டன் எடைக்கு ஈடாகும். நிமிடத்திற்கு 3000 சுழற்சி வேகத்தில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது நொடிக்கு 25 முறை நிகழ்கிறது. டீசல் எஞ்சின்களில் உச்ச அழுத்தம் 100 பாருக்கும் மேல் செல்லும். இத்தனைக்கும் ஈடுகொடுப்பது தகடு அன்று. ஹெட்டைப் பிளாக்குடன் இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்டுகளும் நட்டுகளுமே. இறுக்கம் குறைந்தால் எத்தகைய தகடும் நில்லாது.

ஹெட்டைத் தனியே கழற்ற இயலாத எஞ்சின்களும் இருந்துள்ளன. 1921-இல் விற்பனைக்கு வந்த பென்ட்லி 3 லிட்டர் காரில் ஹெட்டும் பிளாக்கும் ஒரே வார்ப்பாக இருந்தன. அதில் ஹெட் கேஸ்கட் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வால்வைச் சீர்செய்ய வேண்டுமானால் எஞ்சின் முழுவதையும் பிரிக்கவேண்டும். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு டி மாதிரிக் காரின் கழற்றக்கூடிய ஹெட் இத்தொல்லையை நீக்கிக் கேஸ்கட் தொல்லையைக் கொண்டுவந்தது.

தகட்டின் வகைகள்

பழைய கார்களில் செப்புத் தகடுகளுக்கு இடையே கல்நார் வைத்த கேஸ்கட்டுகள் பயன்பட்டன. கல்நார் இழைகள் நுரையீரல் புற்றுநோயையும், நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயையும் உண்டாக்குவன. நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே பிற்காலத்தில் எஃகு நடுத்தகட்டின் இருபுறமும் கிராஃபைட்டு அல்லது வேறு இழைப்பொருள் ஒட்டிய கூட்டுத் தகடுகள் வந்தன. அவற்றைத் தொடர்ந்து, வில்போல் புடைப்பிட்ட எஃகுத் தகடுகள் பலவற்றை அடுக்கிய பல்லடுக்கு எஃகு கேஸ்கட்டுகள் பரவின. பழைய இருப்பிலிருந்து வாங்கப்படும் தகடுகளிலும், ஒருமுறையும் திறக்கப்படாத பழைய எஞ்சின்களிலும் கல்நார் இன்றும் இருக்கக்கூடும்.

பழுதுக்கான காரணங்கள்

தலையாய காரணம் மிகைச்சூடு. கேஸ்கட் தானாகப் போவது குறைவு. பெரும்பாலும் வேறொன்று அதனைப் போகச் செய்கிறது. ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், தளர்ந்த ஃபேன் பெல்ட், திறக்காமல் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், வெடித்த ரப்பர்க் குழாய், அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று முன்னால் நிகழ்ந்திருக்கும். அதனைச் சரிசெய்யாமல் தகட்டை மட்டும் மாற்றினால் புதிய தகடும் அதே வழியில் போகும்.

ஆழ்துளைக் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்புப் படிவு நீர்வழிகளை அடைத்துவிடுகிறது. துருத்தடுப்புப் பொருள் கலந்த கூலன்ட் இல்லாத வெறும் நீர், வார்ப்பிரும்பைத் துருவாக்கவும் அலுமினியத்தை அரிக்கவும் செய்கிறது. அரிப்பு நீர்த்துளையின் விளிம்பிலிருந்து சிலிண்டர் விளிம்பை நோக்கி நகரும்போது தகடு அமர இடமின்றிப் போகிறது.

இந்தியப் பட்டறைகளில் சூடு ஏறும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிடும் வழக்கம் உண்டு. இது நல்ல மருத்துவம் அன்று. எஞ்சின் உரிய வெப்பநிலையை எட்டாமல் எண்ணெயில் கசடு சேரும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மாற்றுவழிக் குழாயை மூடும் வகை எஞ்சின்களில் அதனை எடுத்துவிட்டால், நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவந்து சூடு கூடவும் செய்யும்.

பிளாக் இரும்பாகவும் ஹெட் அலுமினியமாகவும் இருக்கும் எஞ்சின்களில் வெப்ப விரிவு தனிச் சிக்கல். பிரீமியர் பத்மினி, மாருதி 800 ஆகியவை இவ்வகையின. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். 400 மி.மீ. நீளமுள்ள அலுமினிய ஹெட் 80 பாகை செல்சியசு சூடேறும்போது ஏறத்தாழ 0.7 மி.மீ. நீளும்; அதே நீள இரும்பு அதில் பாதியளவே நீளும். இந்த வேறுபாட்டைத் தகடு ஒவ்வொரு பயணத்திலும் தேய்ந்து சமாளிக்கிறது. மிகைச்சூடு ஏறினால் போல்ட்டுகளால் கட்டுண்ட அலுமினியம் விரிய இடமின்றி நெளிந்துவிடும். இரும்பு ஹெட் எளிதில் நெளியாது. ஆனால் அதில் விரிசல் விழலாம், குறிப்பாகக் கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றும்போது.

முந்தைய பழுதுபார்ப்பில் நட்டுகளைச் சீராக இறுக்காமை, பரப்பைத் தூய்மை செய்யாமை, தீப்பொறி நேரம் மிக முன்னதாக அமைக்கப்பட்டதால் நேரும் எஞ்சின் தட்டல் ஆகியனவும் காரணங்களாம்.

அறிகுறிகள்

தகடு எந்த இரு துளைகளுக்கிடையே கசிகிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். எல்லா அறிகுறிகளும் ஒரே வண்டியில் தோன்றுவதில்லை. தகடு போயிருந்தும் எண்ணெய் தெளிவாகவே இருக்கும் வண்டிகள் பல. "எண்ணெய் வெள்ளையாகவில்லை, ஆகவே கேஸ்கட் நலம்" என்னும் முடிவு தவறானது.

சிலிண்டருக்கும் நீர்வழிக்கும் இடையே கசிந்தால் எரிவளிமம் ரேடியேட்டருக்குள் புகும். எஞ்சினைக் காலையில் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே, நீர் சூடாகும் முன்பே, மேற்குழாய் கல்போல் விறைக்கும். நீர் வெளியே தள்ளப்பட்டுக் குறைந்துகொண்டே வரும். வெளிக்கசிவு எதுவும் தென்படாது. எஞ்சின் நின்றபின் நீர் எதிர்வழியில் சிலிண்டருக்குள் இறங்கும். மறுநாள் காலை ஒரு சிலிண்டர் தடுமாறி, புகைபோக்கியில் வெண்ணிற ஆவி அடர்ந்து வரும். கூலன்ட் கலந்திருந்தால் அதில் இனிப்பு மணம் இருக்கும். குளிர்ந்த காலையில் எல்லா வண்டிகளிலும் சிறிது நேரம் வெண்ணாவி வருவது இயல்பு. எஞ்சின் நன்கு சூடான பின்னும் அது நில்லாமல் வருவதே ஐயத்திற்குரியது.

நீர்வழிக்கும் எண்ணெய்வழிக்கும் இடையே கசிந்தால் எண்ணெய் மோர் போல் வெளுத்து, ஆயில் குச்சியில் மட்டம் உயரும். இதுவே மிகக் கெடுதியானது. நீர் கலந்த எண்ணெய் தாங்கிகளில் படலம் அமைக்காது. சில கிலோமீட்டர் ஓட்டமே கிராங்க் தண்டின் தாங்கிகளை அழிக்கப் போதும்.

அடுத்தடுத்த இரு சிலிண்டர்களுக்கிடையே தகடு எரிந்துபோனால் நீரும் எண்ணெயும் மாறாமலிருக்கும். எஞ்சின் மட்டும் வலுவிழந்து, இரு சிலிண்டர் செத்த வண்டியாய் உதறும். வெளிப்புறமாகக் கசிந்தால் பிளாக்கும் ஹெட்டும் சேரும் கோட்டில் எண்ணெய் ஈரமோ கூலன்ட்டின் வெண்பூப்போ காணப்படும். இது பல மாதங்கள் பெரிதாகாமல் இருக்கக்கூடியது.

கண்டறியும் சோதனைகள்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. 0.9 பார் மூடியின் கீழ் நீர் ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணமே அது ஆவியாகப் பொங்கி முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். கீழ்க்காணும் சோதனைகள் அனைத்தும் எஞ்சின் முழுதும் ஆறியபின் தொடங்கப்படுகின்றன.

எளிய சோதனைக்குக் கருவி தேவையில்லை. ஆறிய எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரை விளிம்புவரை நிரப்பி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கிளப்ப வேண்டும். பெல்ட் இல்லாததால் பம்ப் நீரைக் கலக்காது. தொடக்கத்தில் நீரில் சிக்கிய காற்று வெளியேறும், பின்னர் நின்றுவிடும். எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் குமிழிகள் ஓயாமல் வந்தால் எரிவளிமம் நீரில் புகுகிறது என்று பொருள். பம்ப் ஓடாததால் இச்சோதனையை ஓரிரு நிமிடத்திற்கு மேல் நீட்டிக்கக் கூடாது. பம்ப்பைப் பல்பட்டை இயக்கும் எஞ்சின்களில் இம்முறை பயன்படாது.

குமிழி எரிவளிமம்தானா என்பதை வேதிச் சோதனை உறுதிசெய்யும். புரோமோதைமால் நீலம் என்னும் காட்டியின் நீலக் கரைசல் கொண்ட குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, நீர்மட்டத்தின் மேலுள்ள காற்றை அதன் வழியே இழுப்பர். எரிவளிமத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைசலை அமிலமாக்கி மஞ்சள் நிறமாக மாற்றும். குளிர்விப்பு நீர் கரைசலுக்குள் ஏறிவிட்டால் முடிவு கெட்டுவிடும் என்பதால் முதலில் ரேடியேட்டரிலிருந்து சிறிது நீரை இறக்கிவிடுவது வழக்கம்.

அமுக்க அழுத்தச் சோதனையில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தியபடி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பர். எண்ணின் அளவைவிடச் சிலிண்டர்களுக்கிடையேயான வேறுபாடே முக்கியம். எடுத்துக்காட்டாக 1, 4 ஆகியவற்றில் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டும், 2, 3 ஆகியவற்றில் 60 பவுண்டும் காட்டினால், நடுவிரு சிலிண்டர்களுக்கிடையே தகடு எரிந்துவிட்டது எனக் கருதலாம். பி வரிசை எஞ்சினில் 2, 3 ஆம் சிலிண்டர்களின் புகை ஒரே வாயில் வழியே வெளியேறுவதால் நடுப்பகுதி மிகு வெப்பம் தாங்கும் இடமாகும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கவேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையத் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

மேலும் துல்லியமானது காற்றுக்கசிவுச் சோதனை. பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்பதே இது. கார்புரேட்டரில் சீறினால் உள்வால்வு, சைலன்சரில் சீறினால் வெளிவால்வு, எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையம், பக்கத்துப் பிளக் துளையில் சீறினாலோ ரேடியேட்டரில் குமிழி எழுந்தாலோ கேஸ்கட் அல்லது விரிசல்.

நீர் மட்டும் குறைந்து வேறு அறிகுறி இல்லாதபோது ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி மூடியில் குறித்த அழுத்தத்திற்கு ஏற்றி விட்டுவைப்பர். அழுத்தம் இறங்கியும் வெளியே ஈரம் இல்லையெனில் பிளக்குகளைக் கழற்றி எஞ்சினைச் சுற்றவேண்டும். நீர் இறங்கிய சிலிண்டர் துளையிலிருந்து தெளிப்பாக வெளிவரும். சிலிண்டரில் நீர் இருப்பதாக ஐயம் எழுந்தால், பிளக்குகளைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. நீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கேஸ்கட் அல்லாத கோளாறுகள்

எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணிறப் பசை இருந்து, ஆயில் குச்சியில் எண்ணெய் தெளிவாக இருந்தால், அது குறுந்தொலைவு ஓட்டத்தால் எஞ்சினுக்குள் உறைந்த ஈரப்பதமாக இருக்கலாம். நீண்ட பயணம் ஒன்றிற்குப் பின் அது மறையும். ஹீட்டர் உள்ள கார்களில் அதன் உட்குழாய் கசிந்தால் நீர் காலடி விரிப்பின் கீழ் சேர்ந்து, வெளியில் தெரியாமல் குறையும். எண்ணெய்க் குளிர்விப்பான் நீரால் இயங்கும் எஞ்சின்களில் அதன் உட்கசிவும் எண்ணெயையும் நீரையும் கலக்கும். ஹெட்டிலுள்ள விரிசல், கேஸ்கட் பழுதின் எல்லா அறிகுறிகளையும் அப்படியே காட்டும். திறந்து பார்க்கும்வரை இவ்விரண்டையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் இயலாது. இதனாலேயே ஹெட்டைச் சோதிக்காமல் தகட்டை மட்டும் மாற்றுவது சூதாட்டம் போன்றது.

ஊற்று மருந்துகள்

ரேடியேட்டரில் ஊற்றினால் கேஸ்கட் கசிவை அடைக்கும் என விற்கப்படும் நீர்மங்கள் பலவற்றில் சோடியம் சிலிக்கேட்டு உள்ளது. சூடான கசிவிடத்தில் நீர் ஆவியாகி, கண்ணாடி போன்ற படிவு எஞ்சுகிறது. நீர்வழிக்கும் சிலிண்டருக்கும் இடையேயான சிறு கசிவில் இது சில காலம் பயன்தரலாம். எரிந்துபோன தகட்டையோ வளைந்த ஹெட்டையோ இது சரிசெய்யாது. ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கக்கூடும். எண்ணெயில் சேர்ந்தால் இதே பொருள் எஞ்சினைக் கொல்லும். 2009-இல் ஐக்கிய அமெரிக்காவில் பழைய கார்களை ஒப்படைத்தால் மானியம் தரும் திட்டத்தில், அக்கார்கள் மீண்டும் ஓடாதிருக்க எண்ணெய்க்குப் பதில் சோடியம் சிலிக்கேட்டுக் கரைசலையே ஊற்றி எஞ்சின்களை ஓட்டி அழித்தனர். விற்கவோ உடைக்கவோ போகும் வண்டிக்கு அன்றி, வைத்துக்கொள்ள விரும்பும் வண்டிக்கு இதனை ஊற்றுவது அறிவுடைமை ஆகாது.

ஹெட்டைக் கழற்றுதல்

மின்கலத்தின் இணைப்பை நீக்கி, ரேடியேட்டர், பிளாக் இரண்டிலிருந்தும் நீரை இறக்கவேண்டும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் நச்சுத்தன்மை உடையது. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கி இறக்கின்றன. அதனை மூடிய கலத்தில் சேர்க்கவேண்டும்.

பி வரிசை எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் ஹெட்டின் ஒரே பக்கத்தில் உள்ளதால் வேலை எளிது. அவற்றை விலக்கி, வால்வு மூடியை எடுத்தால் ராக்கர் தண்டு தெரியும். இத்தண்டைத் தாங்கும் கால்களின் நட்டுகளுள் நான்கு, ஹெட்டையும் சேர்த்து இறுக்குபவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக இழுபட்டு வளையும். ஆகவே எல்லா ஹெட் நட்டுகளையும் வெளியிலிருந்து நடுவை நோக்கி, ஒரே முறையில் அன்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தவேண்டும். எஞ்சின் முழுதும் ஆறியிருக்க வேண்டியது இன்றியமையாதது. சூட்டில் கழற்றப்படும் அலுமினிய ஹெட் நெளிந்துவிடும்.

தள்ளுதண்டுகள் எட்டையும் அட்டையில் எட்டுத் துளையிட்டு வரிசைப்படி செருகி வைப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். ஒவ்வொன்றும் தன் இடத்திற்கேற்பத் தேய்ந்திருப்பதால் பழைய இடத்திற்கே திரும்பவேண்டும். ஒட்டிக்கொண்ட ஹெட்டை இடுக்கில் திருப்புளி செருகி நெம்பினால் பரப்பில் வடு விழும். மரச்சுத்தியால் பக்கவாட்டில் தட்டி அசைப்பதே முறை.

கழற்றிய தகட்டைத் தூக்கி எறியாமல் படிக்கவேண்டும். கரிய கோடு எங்கே ஒரு துளையிலிருந்து மற்றொன்றுக்கு ஓடுகிறதோ அங்கேதான் கசிவு. அதே இடத்தில் ஹெட்டிலும் பிளாக்கிலும் அரிப்போ விரிசலோ உள்ளதா எனப் பார்க்கவேண்டும். தகட்டில் குறையே தென்படாவிட்டால் நோய் வேறிடத்தில் உள்ளது. புதிய தகட்டைப் போட்டு மூடுவதற்கு முன் மீண்டும் தேடவேண்டும்.

பரப்புகளைச் சோதித்தல்

ஒட்டியிருக்கும் தகட்டுத் துணுக்குகளை நீரால் நனைத்து, பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் நீக்கவேண்டும். கல்நார் இருக்கக்கூடிய எஞ்சினில் உலர்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், அழுத்தக் காற்றால் ஊதுவதும் தீங்கானவை. சுழலும் உரைவட்டுகளால் தேய்ப்பதும் தவறு. அவை அலுமினியத்தில் பள்ளம் தோண்டும். உதிரும் உரைத்துகள் எண்ணெயில் கலந்து தாங்கிகளை அரிக்கும்.

பின்னர் நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை ஹெட்டின் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டங்களிலும் வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு நுழைகிறதா எனப் பார்ப்பர். எல்லையை அந்தந்த வண்டியின் கையேடு கூறும். நான்கு சிலிண்டர் ஹெட்டுகளுக்குப் பொதுவாக 0.05 முதல் 0.1 மி.மீ. வரை. ஒரு தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ இவ்வளவே. பிளாக்கின் மேற்பரப்பையும் இவ்வாறே சோதிக்கவேண்டும். இதனைப் பலர் விட்டுவிடுகின்றனர்.

எல்லை மீறிய ஹெட் லேத் பட்டறையில் ஃபேசிங் செய்யப்படுகிறது. பரப்பைச் சீவுந்தோறும் எரியறை சிறுத்து அமுக்க விகிதம் சற்று உயரும். கையேடு குறிக்கும் மொத்தத் தடிமனுக்குக் கீழே சீவக்கூடாது. பல்லடுக்கு எஃகுத் தகடு மிகவும் வழுவழுப்பான பரப்பைக் கோருவது; பழைய கூட்டுத் தகட்டிற்குச் சற்றுச் சொரசொரப்பே பிடிமானம் தரும். எனவே எத்தகடு போடப்போகிறது என்பதைப் பட்டறையில் முன்கூட்டியே சொல்லவேண்டும். விரிசலை அறிய, ஊடுருவு சாயம் பூசுவதோ, நீர்வழிகளை அடைத்து அழுத்தக் காற்றேற்றி வெந்நீரில் அமிழ்த்துவதோ செய்யப்படும். ஹெட் கையில் இருக்கும்போதே வால்வுகளையும் சீர்செய்வது சிக்கனம்.

திரும்பப் பொருத்துதல்

பிளாக்கில் போல்ட்டு இறங்கும் மூடிய துளைகளில் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், போல்ட்டை இறுக்கும்போது அந்நீர்மம் அமுங்க இடமின்றிப் பிளாக்கை உடைத்துவிடும். துளைகளை முழுதும் உலர்த்தவேண்டும். மறையில் ஒட்டிய கசடும் நீக்கப்படவேண்டும். கசடு உராய்வைக் கூட்டுவதால் டார்க் ரெஞ்ச் காட்டும் எண் பொய்யாகும். அம்பாசடரின் ஸ்டட்டுகள் மறை கெடாதவரை மீண்டும் பயன்படும். பிற்காலக் கார்கள் பலவற்றில், மீட்சி எல்லையைத் தாண்டி நீளுமாறு இறுக்கப்படும் போல்ட்டுகள் உள்ளன. அவை ஒருமுறைக்கே உரியன. கழற்றினால் புதிது வாங்கவேண்டும்.

தகட்டின் மேற்பக்கமும் முன்பக்கமும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். தலைகீழாக வைத்தால் சில துளைகள் அடைபட்டுப் பின்சிலிண்டருக்கு நீரோ, ராக்கர் தண்டுக்கு எண்ணெயோ செல்லாது. ஒட்டுப்பசை தடவுவது தகடு செய்தவர் சொன்னால் மட்டுமே.

நட்டுகள் நடுவில் தொடங்கி இருபுறமும் வெளிநோக்கி, மூன்று அல்லது நான்கு படிகளில் இறுக்கப்படுகின்றன. இதனால் தகடு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் சமமாக அமுங்கும். இறுதி அளவு வண்டிக்கு வண்டி மாறும். டார்க் ரெஞ்ச் இன்றிக் கைப்பழக்கத்தால் இறுக்குவோர் உண்டு. அவர்களுள் சிலர் பிழையின்றிச் செய்வதும் உண்மையே. ஆயினும் ஓரிடத்து இறுக்கக் குறைவு மற்ற எல்லா உழைப்பையும் வீணாக்கும் என்பதால் கருவியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துவது நலம்.

எண்ணெயில் நீர் கலந்திருந்தால் எண்ணெயையும் வடிகட்டியையும் உடனே மாற்றி, சிறிது ஓட்டத்திற்குப் பின் மீண்டும் ஒருமுறை மாற்றவேண்டும். நீர்வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றாமல் விட்டால் அது ஹெட்டிலேயே தங்கிப் புதிய தகட்டை முதல் நாளே சுடும். மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் இறங்கும்போது நிரப்புவது வழக்கம்.

பழைய கூட்டுத் தகடுகள் சூடேறி ஆறும்போது மேலும் அமுங்குவதால், முதல் சூட்டுக்குப் பின் ஆறவிட்டு நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறையும் பார்ப்பர். ஹெட் அமுங்கினால் ராக்கருக்கும் வால்வுக்கும் இடையேயான இடைவெளி குறைந்துவிடும்; அதனை மீண்டும் சரிசெய்யாவிட்டால் வால்வு முழுதும் மூடாமல் எரிந்துபோகும். பல்லடுக்கு எஃகுத் தகடுகளுக்கு மறு இறுக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

குறிப்பிடத்தக்க எஞ்சின்கள்

சில எஞ்சின்கள் இப்பழுதாலேயே பெயர் பெற்றன. 1988-இல் அறிமுகமான ரோவர் கே வரிசை அவற்றுள் ஒன்று. எடை குறைந்த அலுமினிய எஞ்சினான இதில், ஹெட் முதல் அடிப்பகுதி வரை ஊடுருவும் நீண்ட போல்ட்டுகள் எல்லா அடுக்குகளையும் ஒருசேரக் கட்டுகின்றன. ஹெட்டை இடம்பிசகாமல் நிறுத்தும் முளைகள் சில காலம் பிளாஸ்டிக்கால் ஆனவையாக இருந்தன. பின்னர் எஃகுக்கு மாற்றப்பட்டன. குளிர்விப்பு நீரின் மொத்த அளவு குறைவு என்பதால் சிறு கசிவும் விரைவில் மிகைச்சூட்டில் முடிந்தது. தெர்மோஸ்டாட் எஞ்சினுக்கு நீர் நுழையும் பக்கத்தில் இருந்தமையால், அது திறக்கும்போது குளிர்ந்த நீர் திடீரெனச் சூடான பிளாக்கினுள் பாய்ந்தது. பின்னாளில் பல்லடுக்கு எஃகுத் தகடும் மாற்று முளைகளும் கொண்ட திருத்தத் தொகுப்புகள் வெளிவந்தன. இவ்வகை எஞ்சின் கொண்ட பழைய கார்களைப் பேணுவோர் இவற்றையே பொருத்துகின்றனர்.